கார் எஞ்சின் பூட்டிய டொறீனின் விமானம்

1

போன மாதம் கொழும்பு வெள்ளவத்தையிலிருந்து தங்கச்சி ரெலிபோன் எடுத்தாள். சுகம் விசாரித்து முடிப்பதற்குள் கேட்டுவிட்டாள்.

“அக்கா, நீங்கள் கார் எஞ்சின் பூட்டின பிளேனில ஏறினனீங்களாம். உண்மையே?”

“ஆர் உனக்குச் சொன்னது?”

“இஞ்ச எல்லாருக்கும் தெரியும். அது விழுந்து உங்களுக்குக் கால் முறிஞ்சதெண்டும் கதைக்கினம்.”

என் கால் முறியவில்லை. இரண்டு காலும் சுகமாக இருக்கின்றன. அவற்றால்தான் கோட் தைக்கும் ஃபக்டரியில் நாள் முழுக்கத் தையல் மெஷின் மிதிக்கிறேன். விமானமும் விழவில்லை. ஆனால் ஏறியது உண்மை. கார் எஞ்சின் என்பதும் உண்மை. அவளுடைய ரெலிபோன் கார்ட்டில் மிச்சமிருந்த நிமிடங்கள் அதற்கு மேல் விளக்கப் போதவில்லை. கதை இன்னும் வளர்ந்து கையும் முறியுமுன் நானே எழுதிவிடுவது நல்லது என்று நினைத்தேன்.

நாங்கள் மூன்று பேர். நான், கணவர் யோகன், மகள் ஆரணி. யாழ்ப்பாணத்திலிருந்து கிளாலிக் கடல்நீரேரியால் படகேறி, கொழும்பில் காத்திருந்து, ரொறன்ரோ வந்து சேர்ந்தபோது ஆரணிக்கு ஏழு வயது. முதலில் ரெக்ஸ்டேலில் ஓர் அப்பாட்மென்டில் இரண்டு குடும்பமாக இருந்தோம். பிறகு அஜின்கோர்ட்டில் ஒரு வீட்டின் பேஸ்மென்ட் கிடைத்தது. மேலே வீட்டுக்காரி டொறீன் தனியாக இருந்தார். ஸ்கூல் பஸ் ஓட்டுபவர், அறுபதை நெருங்கியவர், சஸ்காச்சுவானில் கோதுமை வயல்களுக்கு நடுவே வளர்ந்தவர். மலர்விழி என்ற என் பெயரை இரண்டு தரம் முயன்று பார்த்துவிட்டு ‘மாலா’ என்று முடித்துக்கொண்டார். அவர் பேசுவதெல்லாம் இங்கிலீஸ். எனக்கு விளங்கியபடி எழுதுகிறேன்.

வீடு பார்க்கப் போன அன்று அவர் ஒரே ஒரு நிபந்தனைதான் சொன்னார். “கராஜை நீங்கள் பாவிக்க முடியாது. அங்கே என் விமானம் இருக்கிறது.”

நானும் யோகனும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். திரும்பி வரும்போது பஸ்ஸில் யோகன் சொன்னார்.

“ஆக்கள் ஏத்திற வானைத்தான் சொல்லியிருப்பா. எங்களுக்குப் பிழையா விளங்கிப்போச்சு. பிளேனை ஆர் கராஜுக்குள்ள வைச்சிருக்கிறது?”

2

விமானம்தான். குடிவந்த கிழமையே டொறீன் கராஜைத் திறந்து காட்டினார். இரும்புக் குழாய்களை உருக்கி ஒட்டிச் செய்த உடல் வெறும் எலும்புக்கூடாக நடுவில் நின்றது. மரத்தால் செய்த இறக்கைகள் இரண்டும் சுவரோரம் சாத்தப்பட்டிருந்தன. தோல் இல்லாத அந்த இறக்கைகளுக்குள் வரிசையாக நின்ற மெல்லிய மரச் சட்டங்கள் பெரிய மீனின் முள்ளைப்போல் இருந்தன. ஒவ்வொரு துண்டையும் அவரே அறுத்துச் சீவி ஒட்டியிருந்தார். தொடங்கி ஒன்பது வருடம் என்றார். பள்ளிக்கூடம் லீவு விடும் காலங்களில்தான் வேலை நடக்குமாம்.

“அரசாங்கம் விடுமா?” என்று கேட்டேன்.

விடும் என்றார். இந்த நாட்டில் விருப்பமான எவரும் வீட்டில் விமானம் கட்டலாம், தானே ஓட்டலாம், அதிகாரிகள் இடையிடையே வந்து பார்ப்பார்கள், சரியென்றால் பறக்க விடுவார்கள். அவர் அதை ஏதோ வேலி கட்டுவதைப்போலச் சொன்னார். நாங்கள் விட்டுவந்த இடத்தில் சாக்குப் பைக்குள் ரோச் லைற் பற்றரி இரண்டு இருந்தாலே சோதனைச் சாவடியில் காரணம் சொல்லவேண்டும்.

எஞ்சின் தனியாக ஒரு மேசையில் இருந்தது. யோகன் குனிந்து பார்த்துவிட்டு, “இது கார் எஞ்சினெல்லே?” என்றார்.

ஓம், கார் எஞ்சின்தான். விமானத்துக்கென்று செய்த எஞ்சின் வாங்குவதென்றால் டொறீன் வீட்டை விற்கவேண்டும். அதனால் ரெக்ஸ்டேலில் பழைய கார் உடைக்கும் யார்ட் ஒன்றில், பின்பக்கம் நசுங்கிக் கிடந்த ஜப்பான் காரிலிருந்து இதைக் கழற்றி வாங்கி வந்திருந்தார். நாலு சிலிண்டரும் இந்தப் பக்கம் இரண்டும் அந்தப் பக்கம் இரண்டுமாகப் படுத்திருந்தன. ஆள் கட்டை; பாரமும் குறைவு. ஆனால் அதை அப்படியே பூட்டமுடியாதாம். கார் எஞ்சின் வேகமாகச் சுழன்றால்தான் முழுப் பலத்தையும் தரும். விமானத்தின் காற்றாடியை அந்த வேகத்தில் சுழற்றினால் அதன் நுனி காற்றைக் கிழித்துக்கொண்டு அலறுமே தவிர விமானத்தை இழுக்காது. ஆகவே எஞ்சினில் ஒரு சின்னச் சக்கரம், காற்றாடியில் ஒரு பெரிய சக்கரம், இரண்டையும் சேர்த்துப் பல்லு வைத்த ஒரு றப்பர் பட்டி. எஞ்சின் இரண்டு சுற்றுச் சுற்றும்போது காற்றாடி ஒரு சுற்றுச் சுற்றும். டொறீன் கையால் உருட்டிக் காட்டினார். சின்னது ஓட, பெரியது ஆறுதலாக அதன் பின்னால் வந்தது.

யோகன் அன்று முழுக்க அதையே கதைத்துக்கொண்டிருந்தார். ஊரில் அவர் கூட்டுறவுச் சங்கக்கடை மனேஜர். இங்கே இரவு வேலை, கார் ஆசனம் செய்யும் இடத்தில். எஞ்சினைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. ஆனால் பெற்றோல் வராத வருடங்களில் யாழ்ப்பாணத்தில் எல்லோரையும்போல அவரும் தன் மோட்டார் சைக்கிளை மண்ணெண்ணெயில் ஓட்டியவர். சேலைன் குழாயால் நாலு துளி பெற்றோலைக் காபரேற்றருக்குள் விட்டு உதைத்து, அது இருமித் தும்மிப் பிடித்ததும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார். பின்னால் இருந்து வந்தால் என் சேலையெல்லாம் குப்பிவிளக்கு மணக்கும்.

“இஞ்சேர், உவவும் எங்கட ஆக்கள் செய்த வேலையைத்தான் செய்யிறா,” என்றார். “எஞ்சின் ஒண்டுக்கெண்டு செய்தது, அதை வேற ஒண்டுக்கு மாத்திறது. நாங்கள் ஆசுப்பத்திரிக்குப் போறதுக்கு மாத்தினம். உவ மேல போறதுக்கு மாத்திறா.”

அடுத்த வசந்தத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, வாசலில் கண்ட டொறீன் என்னிடம், “நாளைக்கு அதை ஃபயர் பண்ணப் போகிறேன்” என்றார். முகம் முழுக்கச் சிரிப்பு. எனக்குத் தெரிந்த ஃபயர் இரண்டு. ஒன்று நெருப்பு. மற்றது எங்கள் ஃபக்டரியில் ஆட்களை நிற்பாட்டுவது. எதை எடுத்தாலும் விமானத்துக்குக் கூடாத காலம். “பாவம், அலுத்துப்போச்சுப்போல. எரிக்கப்போறா” என்று யோகனிடம் சொன்னேன். அவர் நித்திரைக் கலக்கத்தில் “உம்” என்றார்.

சனிக்கிழமை காலை பிட்டு அவித்துக்கொண்டிருந்தேன். திடீரென்று தலைக்கு மேலே ஒரு சத்தம் எழுந்தது. கராஜின் முன்னால் எஞ்சினை ஒரு சட்டத்தில் பூட்டி, சைலன்சர் இல்லாமல் ஓடவிட்டிருக்கிறார். அதுதான் அவர் சொன்ன ஃபயர். பேஸ்மென்ட் சுவர்கள் அதை வாங்கி இன்னும் பெரிதாக்கின. அடித்தொண்டையால் இழுத்து இழுத்து வரும் சத்தம். ஊரில் அந்தச் சத்தத்தோடு வந்து குண்டு போட்ட விமானத்துக்கு நாங்கள் வைத்த பெயர் சகடை. ஜெற் பொம்மரென்றால் கீச்சென்று வந்து போய்விடும். சகடை மெதுவாக வரும். வந்து தலைக்கு மேலே சுற்றிக்கொண்டே நிற்கும். எங்கே போடுவான் என்று தெரியாமல் பங்கருக்குள் அரை மணித்தியாலம் இருப்போம்.

என் கை ஆரணியின் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்ப் படிக்குக் கீழே தள்ளியது. அவளுக்கு அப்போது பன்னிரண்டு வயது. சிநேகிதியோடு ரெலிபோனில் கதைத்துக்கொண்டிருந்தவள்.

“அம்மா, லெற் கோ. இற்ஸ் ஜஸ்ற் டொறீன். வெறும் எஞ்சின் அம்மா.”

அவள் என் விரல்களை ஒவ்வொன்றாக விலக்கிவிட்டு எழுந்து போனாள். ரெலிபோனில் “நத்திங், மை மொம்ஸ் பீயிங் வியேர்ட்” என்று சொல்வது கேட்டது. நான் படிக்குக் கீழேயே இருந்தேன். சத்தம் நின்றது. சற்றைக்கெல்லாம் டொறீன், எஞ்சின் முதல் தரத்திலேயே பிடித்துவிட்ட சந்தோசத்தைச் சொல்ல எண்ணெய்க் கையோடு கீழே இறங்கி வந்தார். என்னை அங்கே கண்டதும் சிரிப்பு நின்றுவிட்டது. பக்கத்தில் படியில் இருந்தார்.

அதற்குப் பிறகு அந்த எஞ்சின் எங்கள் வீட்டில் ஓடவில்லை. யூனியன்வில் தாண்டி வடக்கே, சோளத் தோட்டங்களுக்கு நடுவில், அவருடைய விமானக் கழகத்துக்கு ஒரு புல் ஓடுபாதை இருந்தது. எஞ்சினை அங்கே கொண்டுபோய்விட்டார்.

3

இறக்கைக்குத் துணி போர்க்குமுன் அதிகாரி ஒருவர் வந்தார். துணி போர்த்துவிட்டால் உள்ளே இருப்பது தெரியாதாம். ஆகவே மூடுமுன் பார்க்கவேண்டும். நரைத்த மீசையும் கைவிளக்குமாக அவர் ஒவ்வொரு சட்டத்தையும் தட்டினார், ஒட்டுக்களை நகத்தால் சுரண்டினார். நான் தேத்தண்ணி கொண்டுபோன சாட்டில் அங்கேயே நின்றேன்.

“ஏன் கார் எஞ்சின்?” என்று கேட்டார்.

“அது என்னிடம் இருந்தது.”

“அது நடுவானில் நின்றால்?”

“விமான எஞ்சினும் நிற்கும்,” என்றார் டொறீன். “நின்றால் இறங்குவேன். அதற்குத்தான் இறக்கை.”

எங்கள் அகதி வழக்கு நாள் எனக்கு நினைவுக்கு வந்தது. அங்கேயும் இப்படி ஒரு மேசை, இப்படி ஒரு கேள்வி. ஏன் அந்த வழியால் வந்தீர்கள், ஏன் வேறு நாட்டில் நிற்கவில்லை என்று கேட்டபோது என் நாக்கு மேலண்ணத்தோடு ஒட்டிப்போனது. மொழிபெயர்ப்பாளர் என் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். டொறீனோ அதிகாரியின் கண்ணைப் பார்த்து ஆறுதலாகப் பதில் சொன்னார். அதிகாரியும் தலையாட்டிக் கேட்டார். போகும்போது கைகொடுத்துவிட்டுப் போனார். அரசாங்கத்து ஆளோடு ஒருவர் அப்படிப் பேசலாம் என்பதை அன்றுதான் கண்டேன்.

துணி போர்க்கும் வேலைக்கு டொறீன் என்னைக் கேட்டார். நான் தையல்காரி என்று அவருக்குத் தெரியும். துணியைச் சட்டங்களின்மேல் ஒட்டி, இஸ்திரிப் பெட்டியால் சூடுகாட்டினால் அது சுருங்கி மேளத்தோல்போல இழுபடும். ஒட்டு மட்டும் போதாது. பறக்கும்போது காற்று துணியை மேல்நோக்கி இழுக்குமாம். அதனால் மெழுகு பூசிய நூலால் துணியைச் சட்டத்தோடு சேர்த்துத் தைக்கவேண்டும். இறக்கையை நிமிர்த்தி வைத்தோம். அந்தப் பக்கம் அவர், இந்தப் பக்கம் நான், நடுவில் இறக்கை. முழ நீள ஊசி. நான் குத்தி அனுப்புவேன். அவர் இழுத்துச் சட்டத்தின் மற்றப் பக்கத்தால் குத்தித் திருப்பி அனுப்புவார். நான் முடிச்சுப் போடுவேன். ஒருவர் முகம் மற்றவருக்குத் தெரியாது. ஊசியின் நுனி வருவதுதான் தெரியும்.

முகம் தெரியாததால்தானோ என்னவோ, அங்கேதான் நான் அவருக்குச் சொன்னேன். எனக்கு இருந்த இங்கிலீசில், காலமும் இடமும் மாறி மாறி வந்தது. பங்கர், அதற்குள் நின்ற மழைத்தண்ணி, கோயில் வீதியில் குண்டு விழுந்தது, அன்று சைக்கிளில் மா வாங்கப் போன என் தம்பி திரும்பி வராதது. சொல்லிக்கொண்டே ஊசியை அனுப்பினேன். அது திரும்பி வரவில்லை. நான் காத்துக்கொண்டு நின்றேன். பிறகு ஊசி மெதுவாக வெளியே வந்தது.

“உன் தம்பியின் பெயர் என்ன, மாலா?”

“குகன்.”

அவர் அதைச் சரியாக உச்சரிக்கும்வரை நாலைந்து தரம் சொல்லிப் பார்த்தார். என் பெயருக்கு அவ்வளவு முயலவில்லை. பிறகு தொடர்ந்து தைத்தோம்.

4

அடுத்த கோடையில் அது பறந்தது. முதல் நாள் நாங்கள் போகவில்லை. டொறீன் மாலையில் வந்து, தோலெல்லாம் வெயிலில் சிவந்து, அடுப்படிக் கதிரையில் இருந்து ஒரு கோப்பை நிறையத் தண்ணி குடித்துவிட்டு, “தூக்கியது” என்று ஒரு சொல் சொன்னார்.

சட்டப்படி குறிப்பிட்ட காலம் அவர் தனியாகத்தான் பறக்கவேண்டும். அந்த மாதங்களில் ஞாயிறுகளில் அவருக்குப் பின்னால் எங்கள் பழைய காரில் ஓடுபாதைக்குப் போகத் தொடங்கினோம். ஆரணி முதலில் புத்தகத்தோடு காருக்குள்ளேயே இருப்பாள். பிறகு வெளியே வந்தாள். பிறகு புல்லில் படுத்துக்கொண்டு விமானம் சின்னப் புள்ளியாகும்வரை பார்ப்பாள். எங்களோடு வீட்டில் நாலு வார்த்தை பேசாத பிள்ளை, அங்கே டொறீனை நிற்கவிடாமல் கேள்வி கேட்டாள். நான் தமிழில் கேட்டால் இங்கிலீசில் பதில் சொல்லும் காலம் அது. சில நாட்களில் பதிலும் இல்லை, தோளை மட்டும் குலுக்குவாள்.

தனியாகப் பறக்கும் காலம் முடிந்த அன்று அவள் நேரே என்னிடம் வந்தாள்.

“அம்மா, டொறீன் என்னைக் கூட்டிக்கொண்டு போவா. ஆனா நீங்கள் ஓம் எண்டு சொல்லவேணுமாம்.”

“இல்லை.”

“வை நொற்?”

“நான் சொன்னன், இல்லை. உது கார் எஞ்சின்.”

“யூ டோன்ட் ஈவன் நோ. நீங்கள் ஒருநாளும் ஏறிப் பாக்கேல்லை.”

அது உண்மை. கொழும்பிலிருந்து வந்த விமானம் எனக்கு விமானமாகத் தெரியவில்லை. அது திரை போட்ட ஒரு நீள அறை. இருட்டில் ஏறி இருட்டில் இறங்கினோம். மற்றபடி விமானம் என்றால் கீழே இருந்து கேட்டதுதான். பிள்ளை அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. திரும்பிக் காருக்குள் போய் இருந்துகொண்டாள். இரண்டு கிழமை என்னோடு கதைக்கவில்லை. மூன்றாவது ஞாயிறு டொறீனிடம் சொன்னேன்.

“முதலில் என்னைக் கூட்டிக்கொண்டு போங்கள். நான் பார்த்துவிட்டுச் சொல்லுகிறேன்.”

யோகன் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். “உமக்கென்ன விசரே? சத்தம் கேட்டாலே நடுங்கிற ஆள்.”

“நடுங்கிக்கொண்டே போறன்.”

நல்ல வெயில் நாள். விமானத்துக்குள் என் முன்னால் ஒரு சின்னத் தகடு ஒட்டியிருந்தது. இது அங்கீகாரம் பெற்ற நிறுவனம் செய்ததல்ல, தனி ஆள் கட்டியது, வழக்கமான தரங்களுக்கு உட்பட்டதல்ல என்ற கருத்தில். பயணி அதை வாசிக்கவேண்டுமென்பது சட்டம். டொறீன் என்னைச் சத்தமாக வாசிக்க வைத்தார். “விளங்கியதா?” என்றார். “விளங்கியது” என்றேன்.

எஞ்சின் பிடித்ததும் கண்ணை மூடிக்கொண்டேன். புல்லின் மேடுபள்ளம் முதுகில் தட்டிக்கொண்டே வந்தது, வேகமாகத் தட்டியது, பிறகு தட்டுவது நின்றது. அதுதான் பறப்பது என்று விளங்கக் கொஞ்ச நேரம் எடுத்தது. கண்ணைத் திறந்தேன். தலைக்கு மேலே இறக்கையின் அடிப்பக்கம். வரிசை வரிசையாக என் தையல். என்ன மாதிரி இழுபட்டுக்கொண்டு நிற்கிறது. இரண்டு பெண்கள் ஊசியால் குத்தி மூடிய துணி. பழைய கார் யார்டில் கிடந்த எஞ்சின். இவ்வளவும் சேர்ந்து எங்கள் இருவரையும் சோளத் தோட்டங்களுக்கு மேலே வைத்திருந்தன. கீழே ஒரு பெண் கொடியில் வெள்ளைத் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தாள். நெடுஞ்சாலையில் கார்கள் சிந்திய பயறுபோல் ஓடின. தெற்கே வெகுதூரத்தில் நகரம், அதற்கப்பால் ஏரி, ஏரிக்கும் வானத்துக்கும் நடுவில் கோடே இல்லை. எனக்குக் கும்பிடவேண்டும் போலிருந்தது. யாரை என்று தெரியவில்லை.

இன்னும் ஏறிக்கொண்டிருந்தபோது டொறீன் ஒரு முள்ளை விரலால் தட்டினார். எஞ்சினின் சூட்டைக் காட்டும் முள். அவருக்கு முதலிலிருந்தே இருந்த பயம் இதுதான். ரோட்டில் ஓடும் காருக்கு ரேடியேற்றரில் காற்று நன்றாக அடிக்கும்; ஆனால் முழுப் பலத்தில் மெதுவாக மேலேறும் விமானத்துக்கு அந்தக் காற்றுப் போதாது. தனியாக ஏறியபோது சமாளித்துவிட்டது. இன்று என் பாரமும், வெயிலும். டொறீன் பலத்தைக் குறைத்து மூக்கைத் தாழ்த்தினார். அதற்குள் இனிப்பான ஒரு மணம் வந்தது, பாகு காய்ச்சுவதுபோல. முன்கண்ணாடியில் ஆவி படர்ந்தது.

“ரேடியேற்றர்க் குழாய் ஒன்று கழன்றுவிட்டது, மாலா,” என்றார் டொறீன். பஸ்ஸில் அடுத்த தரிப்பைச் சொல்லும் குரல். “எஞ்சினை நிற்பாட்டப் போகிறேன். சத்தம் நிற்கும். பயப்படாதே.”

நிற்பாட்டினார். காற்றாடி இரண்டு தரம் தடுமாறி, எங்கள் முன்னால் ஒரு தடியாக நிமிர்ந்து நின்றது.

சத்தம் நின்றுவிட்டது. காற்று மட்டும் துணியின்மேல் உரசிக்கொண்டு போனது, சேலையை உதறினால் வருமே, அப்படி. விழவில்லை. நான் விழுவதற்காகக் காத்திருந்தேன், அது விழவில்லை. மெதுவாகத் திரும்பியது, சரிவாக இறங்கியது, ஆராவது பெரியவர் கையில் வைத்து இறக்குவதுபோல. என் வயதில் பாதிக்கு நான் விமானத்தை அறிந்தது சத்தமாகத்தான். அந்தச் சத்தத்தைக் கழற்றிவிட்டால் உள்ளே இப்படி ஒன்று இருக்கிறது என்று எனக்கு ஆரும் சொல்லவில்லை. டொறீன் முன்னால் பார்த்துக்கொண்டே, “வேலிக்கு மேலால் போவோம்” என்றார். வேலிக்கு மேலால் போனோம். புல் மறுபடியும் முதுகில் தட்டியது.

ஓடுபாதையின் நடுவில் நின்றுவிட்டோம். எஞ்சின் இல்லாத விமானம் தானாகப் போகாது. இருவரும் இறங்கி ஆளுக்கொரு பக்கம் பிடித்து, வெயிலில் மூச்சு வாங்கத் தள்ளிக்கொண்டு வந்தோம். எதிரே யோகன் செருப்பில்லாமல் ஓடி வந்தார். அவரை முந்திக்கொண்டு ஆரணி வந்தாள்.

“அம்மா, ஆர் யூ ஒகே? அம்மா?”

எனக்குச் சிரிப்பு வந்தது. நிற்பாட்ட முடியவில்லை. டொறீனும் சிரித்தார். மற்ற இரண்டு பேரும் எங்களுக்கு மூளை பிசகிவிட்டதென்று நினைத்திருப்பார்கள்.

5

பிழை கார் எஞ்சினில் இல்லை என்றார் டொறீன். சூட்டுக் காற்று வெளியேற அவர் வைத்த வழி சின்னது. அதைப் பெரிதாக வெட்டி, குழாய்களை மாற்றி, இரட்டைப் பிடி போட்டு, செப்ரெம்பர் முழுக்க ஓர் ஆள் பாரத்துக்கு மண் மூட்டை ஏற்றித் தனியாகப் பறந்து பார்த்தார். முள் ஏறவில்லை. ஆனாலும் அவர் ஆரணியைக் கூப்பிடவில்லை. ஆரணியும் கேட்கவில்லை. எஞ்சின் நின்று இறங்கிய நான் நிற்பாட்ட முடியாமல் சிரித்ததைக் கண்டது அவளைப் பயப்படுத்தியிருக்கவேண்டும்.

நான்தான் கதையை எடுத்தேன். சோறு போட்டுக்கொண்டே, “வாற ஞாயிறு பிள்ளையை அனுப்புவம்” என்றேன்.

யோகன் சோற்றுக் கோப்பையைத் தள்ளிவைத்தார். “நீர் என்ன சொல்லுறீர்? ஒருக்காத் தப்பினது காணாதே?”

“அதாலதான் சொல்லுறன். நிண்டா என்ன நடக்குமெண்டு தெரியாட்டி நான் அனுப்பன். நிண்டது. நான் உள்ளுக்க இருந்தனான். அது இறங்கினது.”

“அது உம்மட அதிஷ்டம்.”

“இல்லையப்பா. அது அவ செய்த இறக்கை. பாதித் தையல் என்ரை.”

ஆரணி கையில் எடுத்த சோறு அப்படியே இருந்தது. பிறகு யோகன் கோப்பையைத் திரும்ப இழுத்துக்கொண்டு, “ஜக்கெற்றைப் போட்டுக்கொண்டு போகச் சொல்லும், மேல குளிரும்” என்றார்.

ஒக்ரோபர் முதல் ஞாயிறு அவள் ஏறினாள். மேப்பிள் இலைகள் நெருப்பாக நின்ற நாள். எஞ்சின் சத்தம் எழுந்தபோது என் கண் வழமைபோல ஒளிய ஓர் இடம் தேடியது. அது இன்னும் விட்டுப்போகவில்லை, இனியும் போகாது என்று நினைக்கிறேன். ஆனால் நான் அண்ணாந்து பார்த்தபடி நின்றேன். என் பிள்ளை அதற்குள் இருந்தாள். வட்டமடித்து எங்களுக்கு மேலால் தாழ்வாக ஒருதரம் வந்தார்கள். இறக்கை ஒருபக்கம் சாய்ந்து நிமிர்ந்தது. அது வணக்கம் சொல்வது என்று யோகன் சொன்னார்.

இறங்கி வந்தவள் டொறீனைக் கட்டிப்பிடித்துவிட்டு வந்து காரில் பின்னால் ஏறிக்கொண்டாள். டொறீன் விமானத்தைக் கொட்டகைக்குள் விட நின்றுவிட்டார். நாங்கள் மூவரும் புறப்பட்டோம். யூனியன்வில் வரும்வரை அவள் கண்ணாடியால் வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அம்மா,” என்றாள். “மேலயிருந்து பாக்க உங்களை எனக்குத் தெரிஞ்சது.”

“பச்சை ஜக்கெற்தானே. தெரியும்.”

“ஜக்கெற் மட்டுமில்லை. நீங்கள் கையை நெத்தியில வைச்சுப் பாத்துக்கொண்டு நிண்டது. அப்பா கார்ல சாஞ்சுகொண்டு நிண்டது. எவ்ரிதிங்.”

“ம்.”

கொஞ்சத் தூரம் போனது. பிறகு அவள் தமிழிலேயே, ஒவ்வொரு சொல்லாகத் தேடியெடுத்துக் கேட்டாள்.

“அப்ப, அங்க ஊரில, மேல வந்த ஆக்களுக்கும் எங்களைத் தெரிஞ்சிருக்குமா?”

யோகன் ரோட்டையே பார்த்து ஓட்டினார். நான் திரும்பி ஆரணியைப் பார்த்தேன். இங்கே வந்ததிலிருந்து அவள் அதைப் பற்றி ஒரு கேள்வி கேட்டதில்லை. நானாகச் சொல்லத் தொடங்கினால் எழுந்து போய்விடுவாள்.

“ஓம் பிள்ளை. தெரிஞ்சிருக்கும்.”

“அப்ப நான் என்ன செய்வன்? பங்கருக்குள்ள. எனக்கு ஒண்டும் ஞாபகமில்லை.”

“நீ என்ரை மடியில இருப்பாய். நான் கந்தசஷ்டி சொல்லிக்கொண்டிருப்பன். நீ உன்ரை கையால என்ரை வாயைப் பொத்துவாய்.”

“ஏன்?”

“கதைச்சா பிளேனுக்குக் கேட்டிடும் எண்டு.”

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டிருக்கும்போதே முகம் மாறியது. பின்னாலிருந்து கையை நீட்டி என் தோளில் வைத்தாள். அஜின்கோர்ட் வந்து, வீட்டு வாசலில் காரை நிறுத்தி, யோகன் எஞ்சினை அணைத்தார். ஒருவரும் இறங்கவில்லை.

“வேற?” என்று ஆரணி கேட்டாள். “வேற சொல்லுங்கோ, அம்மா.”